ஆடியாலஜி விருதுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடிப் பக்கம் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் நான். இந்தத் துறையின் விருதுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கானாடுகாத்தான், கல்லூரி மாணவி: மேடம், காது சம்பந்தமாக யாராவது நோபல் வாங்கியிருக்கிறார்களா?

வாங்கியிருக்கிறார், 1961இல். கியோர்க் ஃபான் பெகெஷி, ஹங்கேரிக்காரர். அவர் டாக்டர் இல்லை. புடாபெஸ்ட்டில் தபால் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். உள்காதிலுள்ள நத்தைச் சுருளில் ஒலி அலையாக ஓடுவதையும், ஒவ்வொரு சுருதிக்கும் அந்த அலை ஒவ்வோர் இடத்தில் உச்சம் தொடுவதையும் கண்டு சொன்னார்.

பள்ளத்தூர்: என் பேத்திக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்துகிற கருவி) வைத்திருக்கிறோம். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு விருது உண்டா?

2013இல், மருத்துவ ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் தருகிற லாஸ்கர் விருதைக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய சர்ஜன் கிரேம் கிளார்க், ஆஸ்திரியப் பொறியாளர் இங்கெபோர்க் ஹோக்மையர், அமெரிக்காவின் பிளேக் வில்சன் ஆகிய மூவருக்கும் சேர்த்து. கிளார்க்கின் அப்பாவுக்கே காது சரியாகக் கேட்காது.

ஆனால் ஒன்று, ஐயா. கருவி வைத்ததோடு வேலை முடியாது. மேப்பிங்குக்கும் (குழந்தைக்கு ஏற்றபடி கருவியின் அளவுகளைச் சரிசெய்வது) பேச்சுப் பயிற்சிக்கும் பேத்தியைத் தவறாமல் கூட்டிப் போங்கள்.

குன்றக்குடி: தமிழ்நாட்டில் யாருக்காவது?

சென்னை டாக்டர் மோகன் காமேஸ்வரனுக்கு 2006இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் காது மூக்கு தொண்டை சர்ஜன். ஆடியாலஜிஸ்ட் வேறு, சர்ஜன் வேறு.

தேவகோட்டை ஆச்சி: ஒரு கிளினிக்கில் சுவர் முழுக்க விருதாக மாட்டியிருக்கிறார்கள். காது கேட்கிற மிஷினை அங்கேயே வாங்கலாமா?

ஷீல்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆச்சி. பணம் கட்டினால் விருது தருகிற இடங்களும் இருக்கின்றன. அங்கே பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பரிசோதனை ரிப்போர்ட்டை உங்கள் கையில் கொடுக்கிறாரா? வாங்குவதற்கு முன் மிஷினைப் போட்டுப் பார்க்க விடுகிறாரா? சத்தம் கூடக்குறைய இருந்தால் திரும்ப வந்து சரிசெய்துகொள்ளலாமா? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் வாங்கலாம்.

புதுவயல்: பையன் மைசூரில் ஆடியாலஜி படிக்கிறான். எந்த விருதுக்கு முயற்சி செய்யட்டும்?

மைசூரின் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் என்றால், 1965இல் தொடங்கியது, நல்ல இடம். இப்போதைக்குப் படிப்பிலும் பயிற்சியிலும் கவனம் இருக்கட்டும். அப்புறம் மாநாடுகளில் கட்டுரை வாசிக்கட்டும்.

கண்டனூர்: எங்கள் குடும்ப அறக்கட்டளை சார்பில் வருடாவருடம் சிறந்த ஆடியாலஜிஸ்ட் ஒருவருக்கு விருது கொடுக்க நினைக்கிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

படிக்கும்போதே மனம் நிறைந்துவிட்டது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த வள்ளல் அழகப்பர் வாழ்ந்த மண்ணுக்கு ஏற்ற யோசனை.

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆடியாலஜி விருது மரியன் டவுன்ஸ் பெயரில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கே காதைச் சோதிக்க வேண்டும் என்று 1960களிலேயே டென்வரில் ஆரம்பித்தவர் அந்த அம்மா. அன்று பலர் ஏற்கவில்லை. இன்று பல நாடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதியாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது கணக்கு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் குழந்தைக்குப் பிறவியிலேயே காதுக் குறை வரும் வாய்ப்பு கூடும் என்பதால், நம் பக்கத்துக்கு இது இன்னும் அவசியம்.

அதனால் உங்கள் விருதுக்கு இதையே அளவுகோலாக வையுங்கள். முதல் பரிசோதனையில் தேறாத குழந்தைகளில் எத்தனை பேரை அவர் மறுபரிசோதனைக்குத் திரும்ப வரவைத்தார்? அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் மிஷின் போட்டார்கள்? பயிற்சிக்கு எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள்? பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே, குழந்தைகளைக் கூட்டிவர உதவிய கிராமச் சுகாதாரச் செவிலியரையும் மேடைக்கு அழையுங்கள்.

பொன்னாடைக்கும் பந்திக்கும் ஆகிற செலவைக் குறைத்து, பச்சைக் குழந்தைகளின் காதைச் சோதிக்கிற ஓஏஇ கருவி ஒன்றை, விருது பெறுபவர் கைகாட்டுகிற அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்கிக் கொடுங்கள். விதிமுறை எழுத உட்காரும்போது கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.