மல்லியும் பிச்சியும்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் சொந்த வீடு கட்டி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்ததும் முதல் வேலையாகக் கிழக்குச் சுவரோரம் ஒரு குண்டுமல்லியும் ஒரு பிச்சியும் வைத்தேன். இரண்டுக்கும் இடைவெளி இரண்டடிதான். பக்கத்து வீட்டு மாமரம் மேலே கவிந்திருக்கிறது. மத்தியானம் ஆனால்தான் வெயில் விழும். இரண்டுக்கும் ஒரே தொழு உரம், காலையும் மாலையும் போர் தண்ணீர். மல்லி கோடையில் கொஞ்சம் பூத்தது, இப்போது கொழுந்தெல்லாம் மஞ்சளாக இருக்கிறது. பிச்சி சுவர் தாண்டிப் போய்விட்டது, பூ என்னவோ ஒரு கை கூட இல்லை. வெட்டிவிடலாமா என்றால் ‘பூக்கிற செடியில கத்தி வைக்கக் கூடாது’ என்கிறார்கள் அத்தை. எதற்குக் கவனிப்பு குறைவு? ஒன்றைப் பிடுங்கிவிடலாமா? அடுக்களைத் தண்ணீர் விடலாமா?

வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

எதையும் பிடுங்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டையும் சேர்த்து வைத்த வீட்டில்தான் வருஷத்தில் பெரும்பகுதிக்குப் பூ கிடைக்கும். குண்டுமல்லி பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரை பூக்கும். அது ஓயும்போது பிச்சி ஆரம்பித்து, கார்த்திகை வரை போகும். இடையில் மார்கழியும் தையும் மாசியும்தான் வெறும் மாதங்கள். ஒரே தண்ணீர், ஒரே உரம் என்று நீங்கள் சமமாகப் பார்த்ததில் பாசம் இருக்கிறது. ஆனால் இவை ஒரே நாட்காட்டியில் வாழும் செடிகள் அல்ல.

செடியைப் பாருங்கள். மல்லிக்குத் தனித்தனி இலை, கொஞ்சம் தடிப்பாக. பிச்சிக்கு ஒரு காம்பில் சிறு இலைகள் வரிசையாக, சீப்புப் பல் மாதிரி. மல்லி புதராக இடுப்புயரத்தில் நிற்கும். பிச்சி நீளநீளமாக வளாரை நீட்டி, சாய ஒரு இடம் தேடும். சில ஊர்களில் சாதிமல்லி என்பார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான்.

சரி, வெட்டுவதைப் பற்றி. உங்கள் வீட்டில் பிரச்சினையின் பாதி இதில்தான் இருக்கிறது. இரண்டுமே புதுத் துளிரில் பூக்கிற செடிகள். போன வருஷத்துக் கிளை இலையைத் தாங்கி நிற்கும், அவ்வளவுதான். கவாத்து செய்யாத செடி தன் சத்தையெல்லாம் அந்தப் பழைய மரத்தைக் காப்பதிலேயே செலவழிக்கும். அத்தையிடம் மரியாதையாக இதைச் சொல்லுங்கள்: தோவாளையிலும் சங்கரன்கோவில் பக்கமும் பூவை நம்பியே பிழைக்கிறவர்கள் இந்தச் செடிகளை வருஷம் தவறாமல் வெட்டுகிறார்கள். அத்தை சொல்வதிலும் ஒரு பாதி உண்மைதான். மொட்டு இருக்கும்போது வெட்டக் கூடாது. பூ ஓய்ந்த பிறகு வெட்டியே ஆக வேண்டும்.

எப்போது என்பதில் இரண்டும் பிரிகின்றன. மல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை பத்துத் தேதியை ஒட்டி. பிச்சிக்கு ஒரு மாதம் தள்ளி டிசம்பர் கடைசி, மார்கழி நடு. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கும் இதுதான். ஆனால் நம் ஊருக்கு ஒரு திருத்தம் வேண்டும். நமக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். டிசம்பரையும் நம்ப முடியாது என்று 2023 காட்டிவிட்டது. வெட்டிய வாயில் மழை விழுந்துகொண்டே இருந்தால் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும். அதனால் தேதியைக் கட்டிக்கொண்டு அழாமல், மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு வெட்டுங்கள். ஒரு வாரம் பத்து நாள் தள்ளினால் ஒன்றும் குறையாது.

மல்லியைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே, ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றிலும் வெட்டுங்கள். காய்ந்தது, நோஞ்சான், ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். பார்க்க மொட்டையாக இருக்கும், மனசு பதறும். பதற வேண்டாம். பிச்சியையும் தோட்டத்தில் வைப்பவர்கள் இப்படித்தான் தாழ வெட்டுகிறார்கள். வீட்டுச் சுவரில் படர விட்டால் மூன்று நான்கு முதிர்ந்த தண்டுகளை மட்டும் சட்டகமாக வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து கிளைத்ததையெல்லாம் குட்டையாக நறுக்கிவிடலாம். அடுத்த வீட்டுக்குப் போன கிளையைப் பற்றிய கவலையும் அதோடு தீரும்.

மீதிப் பாதி வெயில். இந்தப் புரட்டாசியில் பிச்சி பூத்துக் குலுங்க வேண்டும். உங்களிடம் இலை மட்டும் தழைக்கிறது என்றால் மாமர நிழலைத்தான் சந்தேகப்படுவேன். மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். பிச்சி அரை நாளில் ஓரளவு ஒப்பேற்றும், ஆனால் அந்த அரை நாள் நல்ல வெயிலாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் கேட்டு மாங்கிளை ஒன்றிரண்டைக் கழித்தாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டடி இடைவெளியும் போதாது. மல்லிக்கு நாலடி, பிச்சிக்கு ஐந்தாறடி வேண்டும். வேரோடு கிளப்பி நட வேண்டாம். மழைக்காலம் வருகிறது, மல்லியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மண்ணில் புதையும் இடத்தில் லேசாகக் கீறி, மேலே ஒரு கல்லை வைத்துப் பதியன் போடுங்கள். வேர் நன்றாகப் பிடித்த பிறகு தாய்ச்செடியிலிருந்து அறுத்து, வெயில் உள்ள மூலையில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, தொழு உரமும் செம்மண்ணும் கலந்து நடலாம். பழைய இடத்தைப் பிச்சிக்கே விட்டுவிடுங்கள்.

கொழுந்து மஞ்சளுக்கு வருகிறேன். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்பார்கள், அதேதான். லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். பச்சை திரும்பும்வரை மாதம் ஒரு தடவை போதும். அப்படியில்லாமல் அடியிலையும் மஞ்சளாகி உதிர்ந்தால் வேரில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். எப்படியானாலும் இரண்டு வேளைத் தண்ணீரை நிறுத்துங்கள். மேல்மண் ஒரு விரல் ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மல்லி வறட்சியைத் தாங்கும், கவாத்துக்கு முன்னால் அதைக் கொஞ்சம் வாடவிடுவதே நல்லது. பிச்சி பூக்கிற மாதங்களில் வாட விடக் கூடாது. ஆனி, ஆடிக் காற்றில் மண் ஒரே நாளில் வறண்டுவிடும், அப்போது தூரில் காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள். நீண்ட வளார்கள் அந்தக் காற்றில்தான் முறியும், முன்கூட்டியே கம்பியில் கட்டிவிடுங்கள்.

பூச்சியில் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், பலர் குழம்புவது இதில்தான். பிச்சி மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் அது அதன் இயல்பு, அழகும் அதுதான். மல்லி மொட்டு சிவந்தால் அது நோவு. மொட்டு ஈயோ மொட்டுப் புழுவோ உள்ளே இருக்கும். அந்த மொட்டுகளைக் கிள்ளிக் குப்பையில் போடாமல் எரித்துவிடுங்கள். மொட்டு ஈ மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதனால் தூரைக் கொத்திவிட்டு, வேப்பம் புண்ணாக்கைத் தூவுங்கள்.

கவனிப்பு எதற்குக் குறைவு என்று கேட்டீர்கள். பூச்சித் தொல்லையைப் பார்த்தால் பிச்சிக்குக் குறைவு, தண்ணீரைப் பார்த்தால் மல்லிக்குக் குறைவு. ஒன்றுக்குத்தான் இடம் என்றால், வெயில் காயும் சின்ன முற்றத்துக்கு மல்லியையும் கம்பி வேலியோ சுவரோ இருக்கும் வீட்டுக்குப் பிச்சியையும் சொல்வேன். உங்களுக்கு இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அடுக்களைத் தண்ணீரில் அரிசி, பருப்பு, காய் கழுவியதைத் தாராளமாக விடலாம். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் வேண்டாம், ஏற்கெனவே காரமாக இருக்கும் மண்ணை அது இன்னும் கெடுக்கும். மழைக்கு முன்னால் ஓட்டுத் தண்ணீரையோ மாடித் தண்ணீரையோ ஒரு டிரம்மில் பிடிக்க வழி செய்யுங்கள். பெரஸ் சல்பேட் கரைப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான் நல்லது.