ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது என்ன சொல்லி அனுப்புவது?

கேள்வி: மருந்தாளுநராகப் பணியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஆன்டிபயாட்டிக் எழுதிய சீட்டு வந்தால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று குழம்பிப்போகிறேன். எல்லாவற்றையும் சொன்னால் எதிரே நிற்பவர் காதில் வாங்குவதில்லை. பக்கவிளைவுகளைச் சொன்னால் பயந்து மருந்தையே விட்டுவிடுகிறார். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா என்று அவர்கள் கேட்பதற்கோ மாத்திரைக்கு மாத்திரை பதில் மாறுகிறது. இரண்டு நிமிடத்துக்குள் உருப்படியாகச் சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு. அந்த இரண்டு நிமிடத்தில் முதல் ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

முதலில், மருந்து யாருக்கு என்று கேளுங்கள். சீட்டை நீட்டுகிறவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை. மகனாகவோ கணவராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். அவரிடம் பத்து விஷயம் சொன்னால் வீடு போய்ச் சேருவது ஒன்றுதான். அந்த ஒன்று எது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதை உறையின்மேல் எழுதியும் கொடுக்க வேண்டும். அடுத்து, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். "ஒன்றும் இல்லை" என்பார்கள். சத்து மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது குடிக்கிறாரா என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும், ஏனென்றால் இதையெல்லாம் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண் என்றால் கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா என்பதும், வயதானவர் என்றால் சிறுநீரகக் கோளாறு உண்டா என்பதும் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒவ்வாமை. "பென்சிலின் எனக்கு ஒத்துக்காது" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். வயிறு கலங்கியது, வாந்தி வந்தது என்றால் அது ஒவ்வாமை அல்ல. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, உதடும் முகமும் வீங்கியது, மூச்சு முட்டியது என்றால் அது நிஜமான ஒவ்வாமை. பென்சிலின் அலர்ஜி என்று பதிவாகியிருப்பவர்களை முறைப்படி சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. அதற்காக அந்தச் சோதனையை நீங்கள் கவுன்டரில் செய்துவிட முடியாது. சந்தேகம் இருந்தால் எழுதிய மருத்துவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். இன்னொன்று: அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சசிலின் எல்லாமே பென்சிலின்தான் என்பது நோயாளிக்குத் தெரியாது, கம்பெனிப் பெயரில் அது மறைந்தும் இருக்கும். செஃபலெக்சினின் அமைப்பில் ஒரு பகுதி ஆம்பிசிலினை ஒத்திருப்பதால், பென்சிலினில் கடுமையாக அவதிப்பட்டவருக்கு அதைக் கொடுக்குமுன்பும் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்குக்கும் விட்டுவிடக் கூடாத ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை முதலில் சொல்லுங்கள். நேரம் இருந்தால் மற்றவை.

அமாக்சிசிலின் சாது. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்துவிட்டால் கதை மாறும். சாப்பிட உட்கார்ந்ததும், முதல் வாயோடு போடச் சொல்லுங்கள். கிளாவுலனிக் நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றுத் தொல்லையும் குறையும். இங்கே புதியவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் ஒன்று உண்டு. 625 மி.கி. மாத்திரை கையிருப்பில் இல்லை என்று இரண்டு 375 மி.கி. கொடுப்பார்கள். 625-இல் இருப்பது 500 அமாக்சிசிலினும் 125 கிளாவுலனிக்கும். 375-இல் 250-உம் அதே 125-உம். இரண்டு போட்டால் கிளாவுலனிக் இரட்டிப்பாகி நோயாளி கழிப்பறைக்கும் படுக்கைக்குமாக அலைவார்.

கிளாக்சசிலினும் பென்சிலின் வி-யும் வெறும் வயிற்றில், அதாவது சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. செஃப்யுராக்சிம், செஃப்போடாக்சிம் மாத்திரைகள் சாப்பாட்டோடு. செஃபிக்சிமுக்கும் செஃபலெக்சினுக்கும் சாப்பாடு ஒரு பொருட்டில்லை.

டாக்சிசைக்ளினுக்குக் கொஞ்சம் நின்று பேசுங்கள். ஒரு பெண் இரவு படுக்கப் போகுமுன் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிறார். மூன்றாம் நாள், எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் கத்தி போல இழுக்கிறது என்று திரும்பி வந்தார். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கியிருந்தது. "ஒரு நாளைக்கு ஒன்று" என்று மட்டும் சொல்லி அனுப்பியவன் நான்தான். அன்றிலிருந்து டாக்சிசைக்ளினுக்கு என் முதல் வாக்கியம் இதுதான்: உட்கார்ந்தோ நின்றோ ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுங்கள், அரை மணி நேரத்துக்குப் படுக்காதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு போடலாம். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கோ எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கோ எழுதியிருந்தால், வளரும் பல்லில் கறை ஏறும் என்பதால், கொடுக்குமுன் மருத்துவரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாக்சிசைக்ளினுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகைக்கும் பொதுவான பகை உலோகங்கள். கால்சியம், இரும்பு, துத்தநாகம், நெஞ்செரிச்சலுக்கு எடுக்கும் ஆன்டாசிடில் இருக்கும் மெக்னீசியம், அலுமினியம் இவை மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது. நோயாளி ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டிருப்பார், நோய் மட்டும் அசையாது. சிப்ரோவை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும் என்பது விதி. இதை அப்படியே ஒப்பித்தால் யாருக்கும் நினைவிருக்காது. கடிகாரமாக மாற்றிக் கொடுங்கள்: "சிப்ரோ காலை எட்டு, இரவு எட்டு. இரும்புச்சத்து மதியம் இரண்டு." வேலை முடிந்தது. இன்னும் எளிது, மருத்துவர் சம்மதித்தால் அந்தச் சில நாளைக்குச் சத்து மாத்திரையை நிறுத்தி வைப்பது. சிப்ரோவை வெறும் பாலோடு விழுங்க வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான்.

இந்த வகையில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் வீங்கி வலிக்கலாம், அறுந்தும் போகலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-இலேயே இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. சிக்கல் இல்லாத சைனஸ், மூச்சுக்குழல், சிறுநீர்த் தொற்றுகளுக்கு வேறு மருந்து இருந்தால் இதைத் தவிர்க்கும்படி 2016-இல் சொன்னது. ஆகவே, "கணுக்கால் பின்பக்கம் வலித்தால் அடுத்த மாத்திரை போடாமல் கூப்பிடுங்கள்" என்று சொன்னால் போதும். அப்புறம், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சீட்டில் சிப்ரோவோடு தசை இறுக்கத்துக்கான டிசானிடின் இருந்தால் அதைக் கொடுக்கவே கூடாது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மெட்ரோனிடசோலுக்கு மது. இதை ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். "இவர் குடிக்க மாட்டார்" என்று முகத்தை வைத்து முடிவு செய்வதில் நாம் எல்லோருமே தோற்றவர்கள்தான். எல்லோருக்கும் ஒரே குரலில், "இது முடியும்வரையும், முடிந்து மூன்று நாள்வரையும் மது வேண்டாம், இருமல் மருந்தில் ஆல்கஹால் இருந்தால் அதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். வாயில் இரும்பு ருசி அடிக்கும், சிறுநீர் கருத்துப்போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோலோ கோட்ரைமாக்சசோலோ வந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சீட்டை அப்படியே விடாதீர்கள்.

அசித்ரோமைசினுக்கு வருகிறவர் கேட்பது, "மூன்று நாள்தானா?" அது உடம்பின் திசுக்களில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும், கடைசி மாத்திரை போட்ட பின்பும் சில நாள் வேலை செய்துகொண்டிருக்கும். அதைச் சொன்னால் சமாதானமாகிவிடுவார். இதயத் துடிப்பில் கோளாறு உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கிளாரித்ரோமைசின் வந்தால் அவர் கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின் எடுக்கிறாரா என்று பாருங்கள், இரண்டும் சேரக் கூடாது.

நைட்ரோஃபியூரன்டாயின் சாப்பாட்டோடு, சிறுநீர் பழுப்பாகும், பயம் வேண்டாம். கோட்ரைமாக்சசோலுக்கு நிறையத் தண்ணீர். தோலில் தடிப்பு, வாயில் புண், கண் எரிச்சல் என்று ஏதாவது கிளம்பினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்தச் சொல்லை மட்டும் மென்மையாக்காதீர்கள்.

பக்கவிளைவைச் சொன்னால் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பட்டியல்தான் பயமுறுத்துகிறது. வரக்கூடியதையும் வந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரே மூச்சில் சொன்னால் அந்தப் பயம் வராது. "ஒன்றிரண்டு முறை வயிறு இளகிப் போகலாம், தண்ணீர் அதிகமாகக் குடியுங்கள், மாத்திரையைத் தொடருங்கள். தண்ணீராகப் பல தடவை போனாலோ ரத்தம் தெரிந்தாலோ கூப்பிடுங்கள், நீங்களாக வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை போடாதீர்கள்." இந்தக் கடுமையான வயிற்றுப்போக்கு மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம் என்பதால், அப்போது மருத்துவரைப் பார்த்தால் இந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரிஃபாம்பிசின் வகைதான் உண்மையான சிக்கல். மற்றவற்றில், கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால்தான் கவலை.

காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா? பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் உரையில், அளவு குறைவாக மருந்து எடுப்பது கிருமியைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். ஆனால் தேவைக்கு மேல் நீட்டினால் குடலிலும் தோலிலும் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களும் பழகிக்கொள்கின்றன என்பது இன்று தெளிவு. அதனால்தான் பல தொற்றுகளுக்கு நாள் கணக்கு சுருங்கிவிட்டது. நன்றாகத் தேறிவரும் நிமோனியாவுக்கு ஐந்து நாளே போதும் என்கிறார்கள். எதிர்ப்பக்கம், ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண்ணுக்குப் பென்சிலின் பத்து நாள் என்று எழுதுவது தொண்டை வலிக்காக மட்டும் இல்லை, பின்னால் இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கவும்தான். எந்தத் தொற்றுக்கு எந்தக் கணக்கு என்பது சீட்டில் தெரியாது. ஆகவே கவுன்டரில் விவாதம் வேண்டாம்: "எழுதிய நாள்வரை போடுங்கள். முன்னாலேயே நிறுத்தத் தோன்றினால் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். மிஞ்சினதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்." இரண்டு மூன்று நாளில் கொஞ்சமும் குறையவில்லை என்றால் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும் என்பதையும் அதோடு சேருங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடட்டும், இரண்டாகப் போட வேண்டாம். "மூன்று வேளை" என்றால் சாப்பாட்டு வேளை என்றே புரிந்துகொள்வார்கள். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று எழுதுங்கள்.

கடைசியாகக் குழந்தைகளுக்கான பவுடர் சிரப். தவறு அதிகம் நடப்பது இதில்தான். முடிந்தால் நீங்களே கலக்கிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் கலப்பதானால், முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்து, காய்ச்சி நன்றாக ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பின் குறிவரை நிரப்ப வேண்டும். அமாக்சிசிலின் கிளாவுலனிக் கலவையை ஃபிரிட்ஜில் வைத்து ஏழு நாளில் முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டிவிட வேண்டும். பத்து நாள் எழுதியிருந்தால் இரண்டாவது பாட்டிலை எட்டாம் நாள்தான் கலக்க வேண்டும். முதல் நாளே இரண்டையும் கலந்து வைக்கிறவர்கள் நிறைய. கிளாரித்ரோமைசின் சிரப்பை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லாதீர்கள், கெட்டியாகிவிடும். அளப்பதற்கு வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஊசியில்லாத சிரிஞ்ச் கொடுத்து, எதுவரை இழுக்க வேண்டும் என்பதைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள். பிறகு அம்மாவிடமே கொடுத்து ஒரு முறை இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் அதையே செய்யலாம். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தை மட்டும் மறுபடி சொன்னால் போதும்.