வடிகால் நீரில் உரம் எவ்வளவு போகிறது? – கேள்வி பதில்

கேள்வி (காட்டுமன்னார்கோயில்): ஐயா, வயலைச் சமன்செய்து புதிதாக வடிகால் வெட்டியுள்ளோம். அதில் போகும் உரத்தை எப்படி அளப்பது?

பதில்: செறிவை, அதாவது லிட்டருக்கு எத்தனை மி.கி. உரச்சத்து என்பதை மட்டும் அளந்தால் பாதி வேலைதான் முடியும், ஓட்டத்தையும் அளக்க வேண்டும். வடிகால் வாயில் 90 பாகை 'வி' வெட்டுள்ள தகட்டைக் கசிவின்றிப் பதித்து, வெட்டின் அடிமுனைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தை, தகட்டுக்குச் சற்று மேற்புறமாக அளந்துகொள்ளுங்கள். அது 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர் போகிறது. லிட்டருக்கு 5 மி.கி. நைட்ரஜன் இருந்தால் நாளொன்றுக்கு 1.9 கிலோ, அதாவது நான்கு கிலோ யூரியா வெளியேறுகிறது. ஐப்பசி மழையில் இந்த உயரம் மணிக்கு மணி மாறுமாதலால், உரமிட்டபின் பெய்யும் முதல் மழையில் நீர் ஏறும்போதே மாதிரி எடுக்கத் தொடங்குங்கள். மறுநாள் தெளிந்த நீரை எடுத்து வருபவர்களே அதிகம். மண்துகளில் ஒட்டிய பாஸ்பரஸ் அதற்குள் வாய்க்காலைக் கடந்திருக்கும்.

கேள்வி (பண்ருட்டி): எங்கள் கிணற்று நீரில் நைட்ரேட் 40 என்றும், பக்கத்துத் தோட்டத்தில் 9 என்றும் அறிக்கை வந்துள்ளது. எங்களுடையது மோசமா?

பதில்: அலகைப் பாருங்கள். 'நைட்ரேட்' 40 மி.கி. என்பதும் 'நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன்' 9 மி.கி. என்பதும் ஒன்றே. குடிநீருக்கான இந்திய வரம்பு 45 என்பது முதல் கணக்கில்.

கேள்வி (பாகூர்): யூரியா தூவிய மறுநாள் வடிந்த வயல்நீரில் நனைத்த நைட்ரேட் சோதனைப் பட்டை நிறம் மாறவில்லை. மாசு இல்லை எனலாமா?

பதில்: கூடாது. யூரியா முதலில் அம்மோனியமாகும். நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் குறைவாதலால் நைட்ரேட் அதிகம் சேராது. அம்மோனியத்தையும் மொத்த நைட்ரஜனையும் அளக்கச் சொல்லுங்கள்.

பாகூர் நண்பர் மீண்டும்: அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளுமே, எப்படி வடியும்?

பதில்: நல்ல மறுப்பு, மண்ணைத் தொட்டபின் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தேங்கிய நீரின்மேல் தூவிய யூரியா கரைந்து நீரிலேயே நிற்கிறது, மண் அதை இறுகப் பிடிப்பதுமில்லை. அது அம்மோனியமாகி மண்ணில் இறங்குமுன் மடையைத் திறந்தால் நீரோடு போகும். திறக்காவிட்டாலும், பாசி வளர்ந்து நண்பகலில் நீரின் காரத்தன்மை ஏறும்போது ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போகும். ஆகவே உரமிட்ட நாளையும் மடை திறந்த நாளையும் எழுதாத மாதிரியை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி (வில்லியனூர்): ஏரியில் ஆகாயத்தாமரை படர்வதற்கு வயல் உரம்தானே காரணம்?

பதில்: வீட்டுக் கழிவுநீரிலும் அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும் உண்டு. ஏரிக்குள் வரும் ஒவ்வொரு வாய்க்காலையும் அளந்தபின் கேளுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): கரும்பு வடிகாலுக்குப் பட்டை மட்டும் போதுமா?

பதில்: ஓட்டம் அளக்காமல் எந்தப் பட்டையும் போதாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): மாதிரியை ஆய்வகத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

பதில்: ஐஸ் பெட்டியில், அன்றே. உர மூட்டையைத் தொட்ட கையால் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கேள்வி (சிதம்பரம்): பட்டை எங்கே கிடைக்கும் ஐயா?

பதில்: தகடு பதித்துவிட்டீர்களா?