அத்தையின் டியூப்லைட்

வணக்கம் சார்,

கையால் எழுதுவதற்கு மன்னிக்கவும். இரண்டு வருடமாகக் கைப்பேசியை எடுத்தால் பத்தே நிமிடத்தில் காது சூடாகிறது. நெற்றிப்பொட்டில் வலி, விரல்களில் எறும்பு ஊர்வதுபோல ஓர் உணர்வு. வீட்டில் வைஃபை வந்த பிறகு தூக்கமும் போய்விட்டது. மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே “எல்லாம் மனசுதான்மா” என்றார். வீட்டில் இப்போது அதுவே எனக்குப் பட்டப்பெயர். கதிர் தடுக்கும் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான். அலைகளே இல்லாத ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, என்னைப் போன்றவர்கள் அங்கே குடியேறுகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? அப்படி ஓர் இடத்துக்குப் போய்விடுவதுதான் வழியா? 5ஜி வந்தால் என் கதி என்ன?

ஆர்.

(எட்டுப் பக்கக் கடிதம். சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வேறொரு மாதம் வந்திருந்தால் இரண்டு வரியில் ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். போன மாதம் என் எழுத்து மேசைக்கு மேலிருந்த பழைய டியூப்லைட்டைக் கழற்றினோம். சோக், ஸ்டார்ட்டர் எல்லாம் தூசியோடு தரையில் கிடந்தன. அன்றிலிருந்து அத்தை ஞாபகமாகவே இருக்கிறேன்.

அத்தைக்கு டியூப்லைட் ஆகாது. கூடத்தில் அதைப் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். “அதுலேருந்து கரண்ட் கசியுது, மண்டைக்குள்ள இறங்குது” என்பார். சமையலறையில் இருந்த குண்டு பல்பின் கீழேதான் அவருடைய மாலை நேரம் முழுவதும் கழியும். படிப்பதும் அங்கே, பூத்தொடுப்பதும் அங்கே. பையன்கள் நாங்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். அத்தை கூடத்தைக் கடக்கும்போது சட்டென்று சுவிட்சைப் போடுவது. விளக்கு இரண்டு மூன்று முறை வெட்டி எரியும். அவர் முந்தானையைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொண்டு வேகமாகப் போவார். நாங்கள் சிரிப்போம். பெரியவர்கள் எங்களை அதட்டவில்லை. அவர்களும் சிரித்தார்கள்.

அத்தை சொன்னது தவறு. டியூப்லைட்டிலிருந்து கரண்ட் கசிந்து யார் மண்டைக்குள்ளும் இறங்குவதில்லை. ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. நமக்கு அது தெரிவதில்லை. 1989-ல் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்தவர்களிடம் சொல்லாமல் சில காலம் இந்தப் பழைய வகை விளக்கும், சில காலம் மினுங்காத, அதிக அதிர்வெண்ணில் எரியும் விளக்கும். இரண்டாவது வகையில் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. நான் இதைப் படித்தபோது அத்தை போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பத்திரிகையை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அத்தைக்கு இருந்தது அதுதான் என்று இப்போது என்னால் நிரூபிக்க முடியாது. ஒற்றைத்தலைவலியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் நாங்கள் செய்தது என்னவென்று தெரியும். அவர் சொன்ன காரணம் பொய் என்று தெரிந்ததும், கூடவே வலியையும் பொய்யாக்கிவிட்டோம். இரண்டும் ஒரே சாமான் மாதிரி, ஒன்றாகத் தூக்கிப் போட்டோம்.

இதைத்தான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலை வலிக்கிறது என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. உங்களை மீறி வேறு யாரும் சொல்ல முடியாது, அந்த மூன்றாவது மருத்துவர் உட்பட. ஆனால் அது எதனால் வலிக்கிறது என்பதற்கு நீங்கள் சாட்சி இல்லை. என் வயிறு வலிப்பதை நான் சொல்லலாம். கல்லா, புண்ணா என்று நான் சொல்லக் கூடாது. “எனக்கே தெரியும் சார், என் உடம்பு சொல்கிறது” என்று ஐந்தாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். உடம்பு வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ரூட்டர் என்று சொன்னது நீங்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும், படியுங்கள்.

உங்களைப் போன்றவர்களை அழைத்து உட்காரவைத்து, சில நேரம் உண்மையான அலை, சில நேரம் வெறும் பாசாங்கு என்று, நடத்துபவருக்கும் தெரியாமல் வைத்துச் செய்த சோதனைகள் நிறைய. 2010-ல் அப்படி 46 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 1,175 பேர். அலை இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைச் சொல்லிக் கேலி செய்பவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதி எனக்கு முக்கியம். 2006-ல் லண்டனில் இப்படி உணர்பவர்கள் 60 பேரையும் உணராதவர்கள் 60 பேரையும் வைத்துச் செய்த சோதனையில், பாசாங்கு அலைக்கே சிலருக்குக் கடுமையான வலி வந்தது. நடிப்பில்லை. அலை இல்லை, வலி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இதைப் பற்றி வெளியிட்ட குறிப்பிலும் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கிப் போடும் அளவு கடுமையானவை, அலைகளோடு அவற்றை இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை.

(வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில வருடங்கள் முன்பு அதே நிறுவனத்தின் தலைவராக இருந்த க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லண்ட், கைப்பேசி அருகில் இருந்தால் தனக்குத் தலை வலிக்கிறது, தன் அறைக்குள் யாரும் கொண்டுவரக் கூடாது என்று 2002-ல் வெளிப்படையாகச் சொன்னவர். மருத்துவர், நார்வேயின் பிரதமராக இருந்தவர். அவரை யாரும் “எல்லாம் மனசுதான்மா” என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பதவி இருந்தால் வலிக்கும் மரியாதை.)

எதிர்பார்ப்பு உடம்பில் என்ன செய்யும் என்பது சின்ன விஷயமில்லை. 2013-ல் வந்த ஓர் ஆய்வில் 147 பேரில் சிலருக்கு வைஃபையின் ஆபத்து பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் காட்டினார்கள், மற்றவர்களுக்கு வேறொன்று. பிறகு எல்லோரையும் வைஃபை ஓடுகிறது என்று பொய் சொல்லி உட்காரவைத்தார்கள். நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில் ஏற்கெனவே பதற்றம் மிகுந்தவர்களுக்கு அறிகுறிகள் கூடின. வலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் உடம்பு அதைப் பெரிதாக்கிக் கேட்கும், நடு ராத்திரியில் சொட்டும் குழாயைக் கேட்பது மாதிரி. இதை ‘மனப்பிரமை’ என்று சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. பயத்தில் கை நடுங்கினால் நடுங்குவது நிஜக் கைதானே?

சரி, இப்போது எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் ரூட்டரை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பது அலைகள் மேலுள்ள நம்பிக்கையால் மட்டும் இல்லை. அதை விட்டுவிட்டால் வலியையும் உங்களிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். உங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள், கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ரூட்டர் குற்றவாளி இல்லை என்றால் நீங்கள் நடிகை என்று ஆகிவிடும். அத்தைக்கும் அதுவேதான். “கரண்ட் கசியுது” என்பதை அவர் கடைசிவரை விடவில்லை. விட்டிருந்தால் அவரிடம் என்ன மிச்சம் இருந்திருக்கும்? காரணமில்லாமல் விளக்குக்குப் பயந்து ஓடும் ஒரு பெண்பிள்ளை.

ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். இரண்டு வருடமாக வேறு எதையும் தேடவில்லை. மூன்று மருத்துவர்களிடமும் போய் முதல் வாக்கியமே “வைஃபையால் எனக்கு...” என்று ஆரம்பித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அந்த வார்த்தையோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது அவர்கள் குற்றம்தான், ஆனால் வாசலைச் சாத்திக் கொடுத்தது நீங்கள். ரத்தசோகை பார்த்தார்களா? தைராய்டு? விட்டமின் பி12 குறைந்தால் விரல்களில் அந்த எறும்பு ஊரும் உணர்வு வரும். ஒற்றைத்தலைவலி? கழுத்து? நான்காவதாக ஒருவரிடம் போங்கள். அலை என்ற சொல்லை எடுக்காதீர்கள். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் வலிக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினால் அவமானம் என்று நினைத்துத் திரும்பி வராதீர்கள். இந்தத் தொல்லையோடு வாழ்பவர்களில் சிலருக்கு அது உதவியிருக்கிறது.

ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் கோபம். படித்தவர் நீங்கள். கைப்பேசி, சிக்னல் கிடைக்காதபோது தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட நாம் குரலை உயர்த்துவதுபோல. அந்த ஸ்டிக்கர் எதையும் தடுக்கவில்லை என்றால் பணம் போயிற்று. நிஜமாகவே தடுத்தது என்றால் கைப்பேசி இன்னும் உரக்கக் கத்தும். இரண்டில் எது உங்களுக்கு வேண்டும்? முதல் வாரம் நன்றாக இருந்ததே என்கிறீர்கள். இருந்திருக்கும். அதை விற்றவனுக்கு அந்த ஒரு வாரம் போதும். உங்களுக்கு அது என்ன சொல்கிறது என்று நீங்களே யோசியுங்கள், நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள்.

5ஜி பற்றிய உங்கள் ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதப்போவதில்லை. அதுவும் ரேடியோ அலைதான். போதும்.

அப்புறம் அந்த ஊர். நீங்கள் கேட்டதே அதைத்தான், நான் பாட்டுக்கு எங்கோ போய்விட்டேன். இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் க்ரீன் பேங்க். 100 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி அங்கே இருக்கிறது. இந்தத் தொலைநோக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே, அங்கிருக்கும் வானாய்வு மையத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று 1958-லேயே சுற்றிலும் ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டரை, ரேடியோ அலைகளைக் கட்டுப்படுத்தும் அமைதி மண்டலமாக அறிவித்துவிட்டார்கள். உங்களைப் போன்றவர்கள் சிலர் அங்கே குடியேறியதும் உண்மை. ஆனால் அங்கேயும் மின்சாரம் உண்டு, ஊருக்குள் பல வீடுகளில் வைஃபையும் வந்துவிட்டது. தவிர, வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக ஏற்பட்ட இடம் அது. அலையே இல்லாத இடத்தில் அவ்வளவு பெரிய காதை யார் கட்டுவார்கள்?

இராத்திரி ரூட்டரை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, உங்கள் பையனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கடிதத்தின் ஏழாம் பக்கத்திலிருந்து மை நிறம் மாறியிருக்கிறது, கையெழுத்தும் சாய்ந்துவிட்டது. எழுந்து வந்து இரவில் எழுதியதா? எத்தனை மணிக்கு? அடுத்த கடிதத்தில் அதைச் சொல்லுங்கள். வைஃபை வருவதற்கு முந்தைய வருடம் எப்படித் தூங்கினீர்கள் என்பதையும்.

அன்புடன்.