வானத்து வெள்ளைக் கோடுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமானம் போன பின்னால் நீளமாக வெள்ளைக் கோடு விழுகிறதே, அது புகையா, இல்லை சிலர் சொல்வதுபோல ரகசியமாகத் தூவும் மருந்தா? (கோவில்பட்டி வாசகர்)

இரண்டும் இல்லை, ஐஸ். விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.25 கிலோ நீராவி வெளியே வரும். பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. மார்கழி விடியலில் கொடைக்கானலில் பேசினால் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வருமே, அதேதான். அங்கே உடனே உறைந்தும் விடுகிறது. ஜெர்மனியில் ஷ்மிட் என்ற விஞ்ஞானி 1941-லும், அமெரிக்காவில் ஆப்பிள்மேன் என்ற விஞ்ஞானி 1953-லும் எந்தக் குளிரில், எந்த ஈரப்பதத்தில் கோடு விழும் என்று கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

பைனாகுலர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எஞ்சினை ஒட்டிக் கோடு இருக்காது. கொஞ்ச தூரம் வெறும் வானம், அப்புறம்தான் வெள்ளை தொடங்கும். நீராவி குளிர்ந்து உறைவதற்கு ஆகும் நேரம் அது. குழாய் வைத்துப் பொடி தூவினால், குழாய் வாயிலேயே தெரிந்திருக்கும்.

ஒரு விமானத்தின் கோடு உடனே மறைகிறது, இன்னொன்றுடையது மணிக்கணக்கில் நிற்கிறது. நிற்பதுதான் ரசாயனம் என்கிறார்களே?

ரகசியத் தெளிப்பு பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் இந்தச் சந்தேகம்தான் வேர். கோடு நிற்பதும் கலைவதும் அங்குள்ள காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. காற்று வறண்டிருந்தால் ஐஸ் சில விநாடிகளில் ஆவியாகிவிடும். ஈரம் நிறைந்த அடுக்கில் மாட்டினால் கரையாது. வளர்ந்து, பரவி, மெல்லிய மேகமாகவே ஆகிவிடும். அப்படிப்பட்ட அடுக்குகள் பெரும்பாலும் சில நூறு மீட்டர் தடிமன்தான். முன்னும் பின்னுமாகப் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி உயர வித்தியாசம் இருந்தாலே போதும், ஒன்று கோடு போடும், ஒன்று போடாது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி மேல் பறந்த குண்டுவீச்சு விமானங்களின் கோடுகளும் வானத்தை மூடி நின்றன.

நம் ஊர் வானத்தில் குளிர் தொடங்குவதே உயரத்தில். மைனஸ் 40 டிகிரிக்குச் சுமார் பத்தரை கிலோமீட்டர் ஏற வேண்டும். அதனால்தான் சென்னையில் இறங்க வரும் விமானம் கோடு போடுவதில்லை. வானத்தின் உச்சியில் போவதுதான் போடுகிறது. விமானத் தடம் காட்டும் செயலியில் உயரத்தைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

விமானத்துக்குள் இருக்கை இல்லாமல் பீப்பாய்களாக நிற்கும் படம், மருந்து தூவும் விமானம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

சோதனை விமானம் அது. பீப்பாய்களில் இருப்பது தண்ணீர், பயணிகளின் எடைக்குப் பதிலாக.

மழைநீரைச் சோதித்தால் அலுமினியம், பேரியம் இருக்கிறதாமே?

இருக்கும். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் 8 சதவீதம் அலுமினியம்தான். வாசல் புழுதியிலும் அது உண்டு. திறந்த பாத்திரத்தில் பிடித்த மழைநீரில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 2016-இல் வளிமண்டல, புவிவேதியியல் வல்லுநர்கள் 77 பேரிடம் கேட்டார்கள். ரகசியத் தெளிப்புக்கு எந்த ஆதாரமும் காணவில்லை என்று 76 பேர் சொன்னார்கள்.

அப்படியானால் விமானத்திலிருந்து விஷமே தூவியதில்லை என்கிறீர்களா? (நாகர்கோவில் வாசகி)

தூவியிருக்கிறார்கள், அம்மா. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது. வியட்நாம் காடுகள் மேல் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லி கொட்டின. நமக்குப் பக்கத்திலேயே காசர்கோட்டில், அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி அடித்தார்கள். கிணறும் ஓடையும் திறந்து கிடந்த ஊர்கள் அவை. உடல் குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017-இல் உத்தரவிட்டது.

அங்கே ஹெலிகாப்டர் பறந்தது மரங்களுக்குச் சற்று மேலே. தாழப் பறந்தால்தான் மருந்து பயிரில் விழும். பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து நுண்துகளைக் கொட்டினால் அது எந்த மாவட்டத்தில் போய் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஊர்த் தோட்டத்தில் டிரோன் வைத்து மருந்தடித்தால், என்ன மருந்து, காற்று எந்தப் பக்கம் என்று போய்க் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவசியம் இருக்கிறது.

செயற்கை மழை?

அது உண்மை, ரகசியமும் இல்லை. 2017-இல் கர்நாடகா அறிவித்துவிட்டே மேகங்களில் சில்வர் அயோடைடு என்ற வேதிப்பொருளைத் தூவியது. இருக்கிற மேகத்தில்தான் தூவ முடியும். தெளிந்த வானத்தில் நீளும் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, இந்தக் கோடுகளால் கெடுதலே கிடையாதா?

உண்டு. பரவி நிற்கும் கோடுகள் பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. பகலில் வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பி ஓரளவு ஈடுகட்டும். இரவில் அந்த ஈடும் இல்லை. விமானங்களால் ஏறும் சூட்டில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 சோதனைப் பறப்புகளில் ஈர அடுக்கைத் தவிர்த்துப் பறக்க வைத்துப் பார்த்தன. கோடுகள் 54 சதவீதம் குறைந்தன, எரிபொருள் சுமார் 2 சதவீதம் கூடுதலாகச் செலவானது. இரவு விமானங்களிலிருந்து இதைத் தொடங்கலாம் என்பது என் கருத்து.