வேளாண் பொறியியல் மாணவனுக்கு ஏஐ பாடம் எதற்கு?

"டிராக்டரும் பம்புசெட்டும் படிக்க வந்தேன், மூன்றாம் ஆண்டில் ஏஐ பேப்பர் வைக்கிறார்கள், இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் இந்தப் பக்கம் ஒதுங்கியவர் இல்லை போல. அப்படி வந்தவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

பிரயோஜனம் உண்டு. ஆனால் பாடத்தை நம்பி வயலில் இறங்காதீர்கள். நான் இறங்கினேன்.

2019இல் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட், தக்காளி இலையின் போட்டோவைப் பார்த்து நோயைச் சொல்லும் மாடல், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய ஏஐ புரோகிராம். பிளான்ட்வில்லேஜ் என்று இலவசமாகக் கிடைக்கும் படத் தொகுப்பு, 14 பயிர்களுக்கு 54,306 படங்கள். தக்காளியை மட்டும் பிரித்தெடுத்து, புரோகிராமை இணையத்திலேயே ஓட்டவிடும் கூகுள் கோலாபில் ஓட்டினோம். 98 சதவீதம் சரியான விடை! வைவாவில் கைதட்டல்.

பாலக்கோடு பக்கம் என் மாமாவுக்கு அரை ஏக்கர் தக்காளி. போனும் கையுமாகக் கெத்தாகப் போனேன். நல்ல வெயில், இலையெல்லாம் மருந்தடித்த வெள்ளைக் கறை, கீழே மண்ணை மூடிப் பளபளவென்று மல்ச்சிங் பிளாஸ்டிக் ஷீட். முதல் செடிக்கு இலைச்சுருட்டை வைரஸ் என்றது. இரண்டாவதுக்கும் அதே. நோயே இல்லாத செடிக்கும் அதே. மாமா ரப்பர் செருப்பைக் கழற்றிக் காட்டினார். அதற்கும் இலைச்சுருட்டை, 91 சதவீதம் உறுதி.

"செருப்புக்கு என்ன மருந்து மாப்ள அடிக்கறது?"

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தொகுப்பையே ஒழுங்காகப் பார்த்தேன். எல்லாம் இலையைப் பறித்து, தாள் மேல் வைத்து எடுத்த படங்கள். இலைச்சுருட்டைக்கு மட்டும் 5,357 படங்கள், நல்ல இலைக்கு 1,591. குழம்பிய மாடல் கூட்டம் இருக்கும் பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தத் தொகுப்பை வைத்து 2016இல் வந்த கட்டுரையிலேயே, 99.35 சதவீதம் வாங்கிய மாடல் வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சொச்சத்துக்கு விழுந்ததை எழுதியிருந்தார்கள். நாங்கள் 99 வரை படித்துவிட்டு மூடிவைத்தவர்கள். 2022இல் ஒருவர் படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை (படப் புள்ளிகளை) மட்டும் கொடுத்துப் பழக்கி 49 சதவீதம் எடுத்துக் காட்டினார். இலையே இல்லாமல்!

உடனே "பழைய பஞ்சாங்கம்" என்று கமெண்டில் கிளம்ப வேண்டாம். இன்றைக்கு நான் சாப்பிடுவதே டிரோன் படம் அலசுகிற வேலையில்தான். என் வருத்தம் வேறு. ஏஐயைத் தனிப் பேப்பராக வைத்து, வரப்பில் கால் வைக்காத ஒருவரைப் பக்கத்து டிபார்ட்மென்டிலிருந்து கடன் வாங்கி, பூனையா நாயா என்று பிரிக்கச் சொல்லிக்கொடுப்பது. அது நீர்ப்பாசனப் பாடத்துக்குள்ளேயே வரவேண்டும். அங்கே பென்மன்-மான்டீத் சூத்திரம் படிப்பீர்கள். என் ஜூனியர்கள் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் அதில் போட்டு நீர் ஆவியாகும் அளவைக் கணக்கிட்டார்கள். பிறகு அதே நான்கையும் நியூரல் நெட்வொர்க் என்ற, தரவைப் பார்த்துத் தானே கற்கும் ஏஐ முறைக்குக் கொடுத்து அதே விடையைக் 'கணிக்க' வைத்தார்கள். 99 வராமல் என்ன செய்யும்? காற்றும் வெயிலும் அளக்க வழியில்லாத இடத்தில், வெப்பத்தை மட்டும் வைத்து எவ்வளவு நெருங்க முடிகிறது என்று பார்த்திருந்தால் அது புராஜெக்ட்.

சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "அக்ரியா? தென்னையில காண்டாமிருக வண்டு, என்ன வைக்கலாம்?" என்கிறார்கள். நான் பி.எஸ்சி. அக்ரி இல்லை ஐயா, பம்பு படித்தவன். நாலு வருஷப் படிப்பின் பெயரை வீட்டிலேயே யாரும் சரியாகச் சொல்வதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புரோகிராம் எழுதும் மொழியான பைத்தான் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். உங்கள் ஊர் வயலில் நீங்களே படம் எடுங்கள், எது என்ன நோய் என்று பயிர் நோயியல் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு வயலில் பழக்கி இன்னொரு வயலில் சோதியுங்கள். மண், கை, களை, செருப்பு எல்லாவற்றையும் எடுத்து 'இலை இல்லை' என்று தனி வகையாகச் சேருங்கள். எங்களிடம் அந்த வகையே இல்லை.