பட்டை மணக்கும் பிரெஞ்ச் டோஸ்ட்: கேள்வி பதில்

வார இறுதிக் காலை டிபனுக்குப் பட்டை போட்ட பிரெஞ்ச் டோஸ்ட் செய்வதில் வந்த கேள்விகளும் பதில்களும் இவை. பதில்களில் ‘அடிப்படை அளவு’ என்று வருவது இது: முட்டை 2, பால் 120 மில்லி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் 1 தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் அரைத் தேக்கரண்டி. 2 செ.மீ. கனமுள்ள 4 துண்டுகளுக்கு இது போதும். பாக்கெட் பிரெட்டாக இருந்தால் 6 அல்லது 7 துண்டு வரும்.

அக்கா, வெளியே நல்ல பொன்னிறமா வருது. வெட்டிப் பார்த்தா நடுவுல கொழகொழன்னு இருக்கு. 2 முட்டைக்கு 200 மில்லி பால், சாதா பாக்கெட் பிரெட். எங்கே தப்பு?

பால் அதிகம், ஊறிய நேரமும் அதிகம், தீயும் அதிகம். மூன்றும் சேர்ந்திருக்கிறது.

முட்டைப் புரதம்தான் அந்தக் கலவையை இறுக வைக்கிறது. பால் கூடக்கூட அது நீர்த்துப்போய், இறுக இன்னும் அதிகச் சூடு கேட்கும். இறுகினாலும் தளதளவென்றே நிற்கும். ஒரு முட்டைக்கு 60 மில்லி பால், மிஞ்சிப்போனால் 75. அதற்கு மேல் வேண்டாம்.

பாக்கெட் பிரெட் ஒரு செ.மீ. சொச்சம்தான் கனம், மெத்தென்று வேறு இருக்கும். பக்கத்துக்கு 5 விநாடி தோய்த்தாலே போதும். தூக்கும்போது நடுவில் வளைந்து தொங்கினால் அளவுக்கு மீறி ஊறிவிட்டது என்று அர்த்தம். பேக்கரியில் முழு மில்க் பிரெட் வாங்கி வீட்டில் 2 செ.மீ. கனத்துக்கு வெட்டிக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி ஓடிவிடும். அதைப் பக்கத்துக்கு 20 முதல் 30 விநாடி ஊறவிடலாம்.

தீயைப் பொறுத்தவரை, மிதமானதற்கும் ஒரு படி கீழே வையுங்கள். பெரிய தீயில் ஒரே நிமிடத்தில் வெளிப்பக்கம் சிவந்துவிடும். நடுப்பகுதி அப்போதுதான் வெதுவெதுப்பாகியிருக்கும். 2 செ.மீ. துண்டுக்குப் பக்கத்துக்கு 3 நிமிடம் ஆக வேண்டும். வெந்ததா என்று பார்க்க விரலால் நடுவில் அழுத்துங்கள். எழும்பி வந்தால் வெந்துவிட்டது. பள்ளம் அப்படியே நின்றாலோ, ஓரத்தில் பால் கசிந்தாலோ வேகவில்லை. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். முட்டைக்கு அதுதான் பாதுகாப்பான அளவு.

வேகாமல் எடுத்துவிட்டீர்கள் என்றால் குறைந்த தீயில் ஒரு நிமிடம் மூடி வைத்து, பிறகு திறந்து அரை நிமிடம் விடுங்கள். திறந்து வைக்காவிட்டால் ஆவி பட்டு மேல்தோல் நமுத்துப்போகும்.

பழைய பிரெட்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் வெச்சு விறைப்பா ஆனதும் செஞ்சேன். அப்பவும் பிஞ்சு போச்சே?

விறைப்பாவது வேறு, உலர்வது வேறு. ஃப்ரிட்ஜில் வைத்த பிரெட்டில் மாவுச்சத்து மறுபடி படிகமாகி இறுகுகிறது. கையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பாக்கெட்டுக்குள் இருந்ததால் தண்ணீர் எங்கும் போகவில்லை. கல்லில் சூடு பட்டதும் பழையபடி இளகிவிடும்.

நமக்கு வேண்டியது தண்ணீர் வெளியேறிய பிரெட். பேக்கிங் அவன் (oven) இருந்தால் 150 டிகிரியில் 8 நிமிடம், திருப்பி 5 நிமிடம். நிறம் மாறக் கூடாது, மேலே சொரசொரப்பாகி நடுவில் மட்டும் சற்று மென்மை இருக்க வேண்டும். அவன் இல்லையா, எண்ணெய் விடாத வெறும் கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு 2 நிமிடம் வாட்டினால் ஆயிற்று. இரவு முழுக்கக் கம்பித் தட்டில் திறந்து வைப்பது என்று ஒரு வழி சொல்வார்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் காலையில் பார்த்தால் வைத்ததைவிட நமுத்திருக்கும்.

பட்டைத்தூள் பாலில் கலக்கவே மாட்டேங்குது. மேலே மிதக்குது. முதல் துண்டில் மொத்தமா ஒட்டிக்குது, கடைசித் துண்டில் வாசனையே இல்லை.

இதைச் செய்யும் எல்லோருக்கும் வரும் சிக்கல். பட்டைத்தூள் சுலபத்தில் நனையாது, தண்ணீரிலும் பாலிலும் கரையவும் செய்யாது. பாலில் தூவினால் பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றிப் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் துண்டை இறக்கியதும் வளையம் மொத்தமும் அதன் முதுகில் ஏறிவிடும்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் சர்க்கரை, உப்பு, பட்டைத்தூள் மூன்றையும் உலர்வாகக் கலந்து விடுங்கள். சர்க்கரைப் பரல்கள் தூளைப் பிரித்து வைக்கும். அதில் முட்டையை உடைத்து ஊற்றி, கட்டியில்லாத பழுப்புக் குழம்பாகும் வரை அடியுங்கள். மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பு தூளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கடைசியில்தான் பால், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. இப்படிச் செய்தாலும் நேரமாக ஆகத் தூள் பிரியும். ஒவ்வொரு துண்டைத் தோய்க்கும் முன்னும் முள்கரண்டியால் ஒரு கலக்கு.

உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் தூளைக் குழைத்துச் சேர்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் பால் சில்லென்று இருந்தால் வெண்ணெய் திரிதிரியாக உறைந்துவிடும், அதனால் பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

தூளுக்குப் பதிலா முழுப் பட்டையைப் பாலில் போட்டுக் காய்ச்சலாமா?

தாராளமாக. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செய்யும் தொர்ரிஹா இந்த முறைதான். பாலில் பட்டைத்துண்டும் எலுமிச்சைத் தோல் சீவலும் சர்க்கரையும் போட்டுக் கொதிவந்ததும் இறக்கி மூடி வைப்பார்கள். 20 நிமிடம் கழித்து வடிகட்டி, கனமான பிரெட் துண்டுகளை அந்தப் பாலில் ஊறவைத்து, தனியாக அடித்து வைத்த முட்டையில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். மேலே பட்டைச் சர்க்கரை. பாலும் முட்டையும் தனித்தனி என்பதால் உள்ளே பால்கோவா போல மென்மையும் வெளியே மெல்லிய முட்டைத் தோலும் கிடைக்கும்.

நம் அடிப்படை அளவுக்கு 150 மில்லி பால், 5 செ.மீ. பட்டை ஒன்று. காய்ந்து 120 மில்லிக்கு வரும். முட்டையில் கலக்கும் முன் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். எலுமிச்சைத் தோலில் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும், கவனம்.

யாழ்ப்பாணத்திலயிருந்து கேக்கிறன். எங்கட கடையில சுருள் கறுவாவும் இருக்கு, தூளும் இருக்கு. எது திறம்? பசுப்பாலுக்குப் பதிலாத் தேங்காய்ப்பால் விடலாமோ?

உங்களுக்கென்ன, உலகத்திலேயே நல்ல கறுவா (இலங்கைப் பட்டை) விளைகிற நாடு. சுருளையே வாங்குங்கள். காகிதம் போல மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி, கையால் நொறுக்கினால் பொடியும். அல்பா, சி5, சி4 என்று தரம் பிரித்து விற்பார்கள். அல்பாதான் ஆக மெல்லிய சுருள், விலையும் அதிகம். இந்தப் பலகாரத்துக்கு அல்பா தேவையில்லை, சி4 போதும். மிக்ஸியில் ஒரு கரண்டி சீனியோடு சேர்த்து அரைத்துச் சலித்தால் நைசாக வரும்.

தமிழ்நாட்டுக் கடைகளில் ‘பட்டை’ என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை: தடித்து, ஒற்றை மடிப்பாக, மரச்சீவல் மாதிரி இருக்கும். காரமும் உறைப்பும் கூடுதல். பிரியாணிக்குச் சரி. டோஸ்டுக்கு அதைப் போட்டால் முக்கால் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் நன்றாகவே வரும். முதற்பால் 120 மில்லி, சீனி ஒரு தேக்கரண்டி கூட, உப்பும் ஒரு சிட்டிகை கூட. பசுப்பாலில் உள்ள லாக்டோஸ் இதில் கிடையாது, ஆகவே சிவக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்காகத் தீயைக் கூட்டிவிடாதீர்கள்.

பட்டை அதிகம் சாப்பிட்டா கல்லீரலுக்கு ஆகாதுன்னு படிச்சேன். குழந்தைக்குத் தரலாமா, மேடம்?

நீங்கள் படித்தது கூமரின் என்ற பொருளைப் பற்றி. காசியாவில் அது நிறைய, இலங்கைப் பட்டையில் மிகமிகச் சொற்பம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்குப் போட்டதில், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காசியாத்தூள் அரை கிராமும் 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராமும் அந்த வரம்பைத் தொடும். ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய இரண்டரை கிராம். அதை 4 துண்டுக்குப் பிரித்தால் துண்டுக்கு அரை கிராமுக்கும் சற்று மேல். வாரம் ஒரு நாள் தருவதில் பயமில்லை. தினமும் தருகிற வீடாக இருந்தால் இலங்கைப் பட்டைக்கு மாறிவிடுங்கள்.

எங்க வீட்டில் முட்டை கிடையாது. கடலைமாவு போட்டுச் செய்யலாமா?

கடலைமாவு போட்டால் பஜ்ஜி வாடை வரும். பட்டைக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. வெனிலா கஸ்டர்ட் பவுடர்தான் சரி. ஆறிய பால் 200 மில்லி, கஸ்டர்ட் பவுடர் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு. பவுடரையும் பட்டையையும் சேர்த்து இரண்டு கரண்டி பாலில் குழைத்துவிட்டு மீதிப் பாலை ஊற்றுங்கள். சூடான பாலில் கொட்டினால் கட்டி தட்டிவிடும்.

கஸ்டர்ட் பவுடர் என்பது பெரும்பாலும் சோளமாவுதான். அடியில் தங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்க வேண்டும். மாவு கெட்டிப்பட முட்டையைவிட அதிகச் சூடு தேவை என்பதால் பக்கத்துக்கு 4 நிமிடம், சிறு தீயில். அவசரப்பட்டால் நாக்கில் மாவு நெருடும்.

முட்டைக் கவிச்சி அடிக்குதுன்னு பசங்க தொட மாட்டேங்கறாங்க. மேலே வெள்ளை வெள்ளையா ஆம்லெட் மாதிரி திட்டும் இருக்கு.

திட்டு, சரியாக அடிபடாத வெள்ளைக்கரு. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நிமிடமாவது அடித்து, டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். கண் மிக நெருக்கமான வடிகட்டியில் பட்டைத்தூளும் தங்கிவிடும். தங்கினால் வழித்துத் திரும்பப் போடுங்கள்.

கவிச்சிக்கும் காரணம் பெரும்பாலும் வெள்ளைக்கருதான். முழு முட்டை ஒன்று, மஞ்சள் கரு இரண்டு என்று மாற்றிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். உப்பை விட்டுவிடாதீர்கள்; இனிப்புப் பலகாரம்தானே என்று உப்பில்லாமல் செய்தால் முட்டை வாடைதான் முன்னால் வந்து நிற்கும்.

தோசைக்கல்லில் போடலாமா? வெண்ணெய் கருகிப் புள்ளிப் புள்ளியா ஒட்டுது.

நன்றாகப் பழகிய கல் என்றால் ஒட்டாமல் வரும். ஆனால் வெங்காயம் தேய்த்துத் தேய்த்து ஊறிய கல்லில் வேண்டாம், அந்த மணம் டோஸ்டில் ஏறும். இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் ஈடு போட்டதுமே தீயை இன்னும் குறைத்துவிடுங்கள்.

கருகுவது வெண்ணெயில் உள்ள பால் புரதம். 150 டிகிரியை ஒட்டி அது கறுக்க ஆரம்பிக்கும். எண்ணெய் சேர்த்தால் கருகாது என்பார்கள். எண்ணெய் சேர்த்தாலும் அந்தப் புரதம் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பரவலாக இருக்கும், அவ்வளவுதான். நெய்யில் அது வடிந்துபோயிருப்பதால் நெய் தாங்கும். ஆனால் நெய்யின் மணம் பட்டையை அமுக்கிவிடும். நெய்யும் வாசனையில்லாத எண்ணெயும் பாதிப் பாதி கலந்து சுட்டுவிட்டு, எடுக்கும் முன் ஓரமாக ஒரு சிறு துண்டு வெண்ணெய் போட்டுப் புரட்டி எடுப்பது என் சிபாரிசு.

வெண்ணெயிலேயே சுடுவதானால், உருகி நுரைத்து அந்த நுரையின் சடசடப்பு அடங்கும் நொடியில் துண்டை வையுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு கல்லைத் துணியால் துடைத்துவிட்டுப் புது வெண்ணெய் போடுங்கள்.

ஹோட்டலில் தருவது மாதிரி மேலே மொறுமொறுன்னு சர்க்கரைத் தோல் வரணும். கலவையில் சர்க்கரையைக் கூட்டினேன், கருகிடுச்சு.

கலவையில் சர்க்கரை கூடினால் கருகத்தான் செய்யும். தோல் வெளியே போடுவது. இரண்டு பக்கமும் வெந்தபின் மேல் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி வெறும் சர்க்கரையைச் சமமாகத் தூவி, அந்தப் பக்கம் கீழே வரும்படி திருப்பி, சிறு தீயில் 40 விநாடி. உருகி வெளிர்ப் பொன்னிறமானதும் எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் தோல் கட்டிப்படும். தட்டையான தட்டில் வைத்தால் அடியில் வியர்த்துக் கரைந்துவிடும்.

பட்டையைச் சர்க்கரையோடு கல்லில் போடாதீர்கள், கருகிக் கசக்கும். எடுத்தபின் சூட்டோடு மேலே ஒரு சிட்டிகை தூவினால் போதும். நாட்டுச்சர்க்கரையும் இதற்கு ஆகாது, சீக்கிரம் தீயும்.

ஞாயிறு 8 பேர் வர்றாங்க. ஒவ்வொண்ணா சுட்டுக்கிட்டு நிக்க முடியாது, என்ன செய்யலாம்?

ட்ரேயில் பேக் செய்யுங்கள். 23-க்கு 33 செ.மீ. ட்ரேயில் வெண்ணெய் தடவி, வாட்டிய பிரெட் 450 கிராம் துண்டுகளாக அடுக்குங்கள். முட்டை 8, பால் 500 மில்லி, சர்க்கரை 80 கிராம், பட்டைத்தூள் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெனிலா 2 தேக்கரண்டி. ஊற்றி, மேலே தெரியும் துண்டுகளைக் கரண்டியால் அழுத்தி நனைத்து, மூடி இரவு ஃப்ரிட்ஜில்.

காலையில் கண்ணாடி ட்ரே என்றால் அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே அவனுக்குள், இல்லாவிட்டால் விரிசல் விடும். 175 டிகிரியில் ஃபாயில் மூடி 30 நிமிடம், திறந்து 15 முதல் 20 நிமிடம். ட்ரேயை ஆட்டினால் நடுப்பகுதி தளும்பக் கூடாது. எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

ஏர் ஃப்ரையரில்?

180 டிகிரி, 4 நிமிடம், திருப்பி 3 நிமிடம். கூடையில் பட்டர் பேப்பர் வேண்டும், இல்லையென்றால் கலவை ஓட்டை வழியே சொட்டும். கல்லில் சுட்ட மணம் இதில் வராது.

மீந்தா?

கம்பித் தட்டில் முழுக்க ஆறவைத்து, இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் வரை தாங்கும். உறைந்தபடியே டோஸ்டரில் போட்டுச் சூடாக்கலாம்; சர்க்கரைத் தோல் போட்டதை மட்டும் டோஸ்டரில் போடாதீர்கள், உருகி உள்ளே கம்பியில் ஒட்டும். அதற்குக் கல்லே சரி.